பேச்சில் இருக்கிற இலக்கியம், கட்டத்தில் இருக்கிற இலக்கியம்

வாசகர் கேள்வி: பிப்ரவரி 2

ஞாயிறு இணைப்புக் குறுக்கெழுத்தில் "தன் வாயால் கெட்டது (3)" என்று ஒரு குறிப்பு. தவளை என்று எழுதினேன். மறுவாரம் விடை பார்த்தால் நுணல், தவளைக்குப் பழைய சொல்லாம். இந்தச் சொல்லை என் ஆயுளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பழைய இலக்கியம் இப்போது குறுக்கெழுத்துக் கட்டத்துக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது, நாம் பேசுகிற பேச்சில் அதற்கு இடமே இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 2, இரவு

மறுக்கிறேன். இன்று காலை எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்காத மகன் கும்பகர்ணன். தொலைக்காட்சித் தொடரில் வந்த அண்ணி சகுனி. ரேஷன் கடை வரிசை அனுமார் வால். எரிவாயு இணைப்பைப் பெயர் மாற்றியது பகீரதப் பிரயத்தனம். பத்து மணிக்குள் இரண்டு இதிகாசமும் வந்து போய்விட்டன.

பிப்ரவரி 3

பாத்திரங்களின் பெயரைச் சொன்னால் இலக்கியம் ஆகிவிடாது, வரி வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. நியாயம்தான். வரியே தருகிறேன்.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று சலித்துக்கொள்ளாத அரசு ஊழியர் உண்டா? அது திருநாவுக்கரசர் தேவாரம். முன்பாதி "தன் கடன் அடியேனையும் தாங்குதல்". சிவனுக்கு ஒரு கடமை, எனக்கு ஒரு கடமை என்று பங்கு பிரிக்கிற பாட்டு. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் நாம் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்விட்டோம்.

போகிப் பண்டிகை வந்தால் "பழையன கழிதலும் புதியன புகுதலும்". பத்திரிகை, வாட்ஸ்அப், தள்ளுபடி விளம்பரம் எல்லாவற்றிலும் இதுதான். பாய் தலையணை எரிப்பதற்கும் இந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூற்பா அது. பழைய சொல் வழக்கொழிவதும் புதுச்சொல் வருவதும் குற்றமில்லை, "வழுவல கால வகையினானே" என்று முடியும். நுணல் போய்த் தவளை நின்றதற்கு இதைவிடப் பொருத்தமான அனுமதிச் சீட்டு கிடைக்காது.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

அந்த நுணல் குறிப்பைப் பற்றியே பேசவில்லை. நானும் ஒரு சிறுபத்திரிகைக்குக் கட்டம் போடுகிறவன், அதனால் கை அரிக்கிறது.

த-வ-ளை மூன்று. நு-ண-ல் மூன்று. ஒற்றுக்கும் தனிக் கட்டம் என்பதுதான் தமிழில் விதி. இரண்டு விடையும் எண்ணிக்கையில் ஒத்துப்போகும்போது குறுக்கே போகிற சொல் ஒன்றாவது ஏதோ ஒரு கட்டத்தில் வெட்டவேண்டும். நடுவில் 'ண' விழுந்திருந்தால் தவளை தானாகவே ஓடியிருக்கும். வெட்டாமல் விட்டது கட்டம் போட்டவரின் சோம்பல். இலக்கியத்தின் மேல் பழி போடவேண்டாம்.

குறிப்பும் மொட்டை. "மணலுக்குள் ஒளிந்தும் வாயால் கெட்டது" என்று நான் எழுதியிருப்பேன். மூலத்திலேயே மணல் இருக்கிறது: "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்தன் வாயால் கெடும்." பழமொழி நானூறு, முன்றுறை அரையனார். சத்தம் போடாமல் கிடந்தால் யாருக்கும் தெரியாது. கத்தி மாட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 5

"கண்டேன் சீதையை" பற்றி ஒரு நண்பர் கேட்டிருந்தார், அது கம்பன் வரிதானே என்று. தொலைந்த சாவி கிடைத்தாலும், பெண் பார்த்துவிட்டு வந்தாலும், நல்ல செய்தியை முதலில் சொல் என்பதற்கு இதைத்தான் சொல்கிறோம். மேடையில் அனுமனைச் சொல்லின் செல்வன் என்று புகழ்கிறவர்களும் இதையே காட்டுவார்கள்: 'சீதையை' என்று தொடங்கினால் இராமன் என்ன ஆயிற்றோ என்று பதறுவான், அதனால் 'கண்டேன்' முதலில் வந்தது என்று.

விளக்கம் சரி. வரிதான் கம்பனுடையது இல்லை. கம்பன் பாடியது "கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்". 'கண்டேன் கண்டேன் கண்டேன் சீதையை' என்பது சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய இராம நாடகக் கீர்த்தனை. கம்பனைக் கதையாக எடுத்துப் பாட்டாக ஆக்கினார், பாட்டு ஊருக்குள் வந்தது. கம்பன் வரியில் சீதை என்ற பெயரே கிடையாது பாருங்கள். 'கற்புக்கு அணி' என்று சுற்றிச் சொன்னால் சாவி தேடுகிற வீட்டில் எப்படி ஓடும்?

கூடவே இன்னொன்று. "கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்." இதைக் கம்பன் என்று சொல்லாத பட்டிமன்றம் இல்லை, மாதத் தவணைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கம்பராமாயணத்தில் தேடினால் கிடைக்காது. இதற்கும் அதே இராம நாடகத்தைத்தான் கைகாட்டுவார்கள்.

பிப்ரவரி 5, பின்னிரவு

குறுக்கெழுத்தில் "இலங்கை வேந்தனைக் கலக்கியது (3)" என்று வந்தால் அம்பு என்றும் எழுதலாம், கடன் என்றும் எழுதலாம். போடமாட்டேன். எனக்கு வீட்டு முகவரிக்கே கடிதம் வரும்.

பிப்ரவரி 8

அணில்.

சின்ன உதவி செய்தால் "அணில் மாதிரி என்னால் ஆனது" என்கிறோம். சேது கட்டும்போது அணில் மணல் சுமந்தது, இராமன் முதுகில் தடவினான், மூன்று கோடு விழுந்தது. வால்மீகியில் தேடுங்கள், இல்லை. கம்பனில் தேடுங்கள், இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது: "குரங்குகள் மலையை நூக்கக் குளித்துத்தாம் புரண்டிட்டோடித் தரங்கநீர் அடைக்கலுற்ற சலமிலா அணிலம் போலேன்."

கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய பாட்டு இது. குரங்குகள் மலையைத் தள்ளுகின்றன. அணில்களோ தண்ணீரில் நனைந்து, மண்ணில் புரண்டு, ஓடுகின்றன. கடலை அடைக்கப் போகிறதாம்! முதுகுக் கோடு பாட்டில் இல்லை, இராமன் தடவியதும் இல்லை. "போலேன்" என்றுதான் ஆழ்வார் சொல்கிறார். வஞ்சமில்லாத அந்த அணில் அளவுக்குக்கூட நான் இல்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறார். நாமோ அணில் மாதிரி செய்தேன் என்று அடக்கமாகச் சொல்வதாக நினைத்துப் பெருமை அடித்துக்கொள்கிறோம்.

பிப்ரவரி 8, அதே இரவு

கும்பகர்ணனைக் கம்பன் பாட்டால் எழுப்பிப் பார்த்தீரா என்று கேட்டதற்குப் பதில்: ஆமாம், மகனை எழுப்பக் கம்பன் பாட்டையே பாடிப் பார்த்திருக்கிறேன். "உறங்குகின்ற கும்பகன்ன! உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது இன்று காண், எழுந்திராய் எழுந்திராய்." சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கட்டிலையே உலுக்குகிற சந்தம். போர்வை இன்னும் மேலே ஏறியது. வைஃபையை அணைத்தேன், எழுந்துவிட்டான்.

பிப்ரவரி 11

முதல் கேள்விக்கு இப்போதுதான் ஒழுங்காகப் பதில் சொல்ல வருகிறது. எந்த வரி வாயில் ஏறும், எது ஏறாது?

ஔவையார் பாட்டு எல்லோர் வாயிலும் இருக்கிறது. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு, ஆறுவது சினம், நெல்லுக்கு இறைத்த நீர், கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி, கத்திச் சொல்லி, பிரம்படி வாங்கிப் படித்தவை அவை. எங்கள் பாட்டிக்குக் கையெழுத்துப் போட வராது, கொன்றை வேந்தன் வரும். "மருந்தே ஆயினும் விருந்தோடு உண்" என்பதை அவர் பயன்படுத்தியது முழுக்க முழுக்க இன்னொரு கரண்டி சோறு போடுவதற்குத்தான்.

சங்க இலக்கியமோ பொதுமக்கள் கைக்கு வந்தே வெகுகாலம் ஆகவில்லை. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894. குறுந்தொகை 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பாக. அதுவரை ஏடு, மடம், சில புலவர் வீடு. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று நம் கொள்ளுத்தாத்தா யாரும் சொல்லியிருக்க வழியில்லை. இன்று பள்ளிச் சுவர், விமான நிலையம், மாநாட்டுப் பந்தல் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த வரி வாயில் ஏறியது அச்சுக்கும் மேடைக்கும் பிறகுதான்.

ஆகவே நல்ல வரியா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று பார்க்கவேண்டும். பள்ளிக்கூடம், கோயில், கூத்து, காலட்சேபம், சினிமா. விடிய விடிய இராமாயணம் கேட்டுச் சீதைக்கு இராமன் சித்தப்பா என்று சொன்னவனும் விடிய விடியக் கேட்டவன்தானே!

பிப்ரவரி 12

பட்டியலில் கல்யாணப் பத்திரிகை விட்டுப்போனது. குறுந்தொகை ஊருக்குள் வந்தது அந்த வழியாக. "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" போடாத பத்திரிகை இப்போது குறைவு.

போன வருடம் சொந்தத்தில் ஒரு பத்திரிகை வந்தது. முழுப் பாட்டையும் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். "யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்?" அதாவது உன் அப்பாவும் என் அப்பாவும் எந்த வகையில் உறவு? கீழேயே பதிலும் இருந்தது. பெண், மாப்பிள்ளையின் தாய்மாமன் மகள். மைத்துனர் முறை, அய்யா!

பிப்ரவரி 15

நக்கீரர். வருவார் என்று தெரியும்.

"நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே." அலுவலகக் கூட்டத்தில் மேலாளரை எதிர்த்துப் பேசிவிட்டு வந்தவர் தேநீர்க் கடையில் சொல்கிற வசனம். ஊர் முழுக்கக் கொண்டுபோனது 1965இல் வந்த திருவிளையாடல் படம். நக்கீரராக நடித்தவர் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது வேறு மாதிரி. சிவன் நெற்றிக்கண்ணைச் சிறிது காட்டுகிறார். நக்கீரர் அஞ்சவில்லை. இந்திரனைப் போல நீர் உடம்பு முழுக்கக் கண்ணானாலும் "மொழிந்த நும் பாடல் குற்றம் குற்றமே என்றான்" என்று வருகிறது. இதுவரை நமக்குத் தெரிந்த வீரம். அடுத்த சொற்களை நாம் வசதியாக மறந்துவிட்டோம்: "தன்பால் ஆகிய குற்றம் தேரான்." தன் பக்கம் இருக்கிற குற்றத்தை உணராதவன் என்று பரஞ்சோதியார் அதே மூச்சில் நக்கீரரையும் ஒரு தட்டு தட்டுகிறார். புராணத்துக்குச் சிவன் கட்சி, படத்துக்கு நக்கீரர் கட்சி. மக்கள் படத்தின் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் மேலாளரிடம் மோதப்போகிறவர்கள் அந்தக் கடைசி வரியையும் படித்துவிட்டுப் போவது நல்லது.

இதில் சண்டைக்குக் காரணமான பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, "கொங்குதேர் வாழ்க்கை". கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதுதான் வழக்கு. தலைவலித் தைலம் தேய்த்த கூந்தலை மட்டும் முகர்ந்த எங்கள் தலைமுறை இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 19

11ஆம் தேதி எழுதியதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஏட்டிலிருந்து வாய்க்கு வந்த பாதையை மட்டும் பேசினேன். நுணல் வந்த நூலையே எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் பாதை தலைகீழ்.

பழமொழி நானூறு பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. பாட்டுக்கு ஒரு பழமொழி உள்ளே இருக்கும். அதாவது அந்தக் காலத்திலேயே அது பழைய மொழி! அரையனார் ஊரில் கேட்டதை எடுத்து வெண்பாவில் பதித்திருக்கிறார். "பாம்பறியும் பாம்பின கால்." "ஆயிரம் காக்கைக்கு ஓர் கல்." "குன்றின்மேல் இட்ட விளக்கு." "தனிமரம் காடாதல் இல்." கடைசியது இன்று தனிமரம் தோப்பாகாது. காடு தோப்பானதற்குக் காரணம் விவசாயமா என்று கேட்காதீர்கள், அந்த வம்புக்கு நான் வரவில்லை.

ஆகவே நுணல்தான் அசல், தவளை அதன் நகல் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரே பேச்சின் இரண்டு காலத்துப் பதிவுகள் அவை. ஒன்று ஏட்டில் மாட்டிக்கொண்டது. மற்றது ஓடிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 20

இப்படிச் சொன்னதும் "அப்படியானால் கட்டத்தில் எதைப் போடுவீர்?" என்று மடக்கிவிட்டார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். "மயிர் நீப்பின் வாழாது (4)" என்று ஒரு முறை போட்டேன். விடை கவரிமா. குறள் 969: "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார் உயிர்நீப்பர் மானம் வரின்." கடிதம் கடிதமாக வந்தது. கவரிமானுக்கு ஐந்து கட்டம் வேண்டாமா, எண்ணத் தெரியாதா என்று. ஒருவர் தன் குடும்பமே கவரிமான் பரம்பரை என்றும், இது தன்மானப் பிரச்சினை என்றும் எழுதியிருந்தார்.

வள்ளுவர் மான் என்று சொல்லவில்லை, மா என்றால் விலங்கு. புறநானூறு 132இல் முடமோசியார் "நரந்தை நறும்புல் மேய்ந்த கவரி" என்று பாடுகிறார், இடம் இமயம். பனிமலையில் சடை தொங்கத் திரிகிற எருது இனம் அது. சாமரம் அதன் வால்மயிரில்தான் கட்டுவார்கள். பரம்பரைக்காரர் படத்தைப் பார்த்திருந்தால் மான் என்று வாதாடியிருக்கமாட்டார்.

ஆனாலும் இப்போது நான் போடுகிற முறை இதுதான். குறிப்பில் 'குறளில்' என்று எழுதினால் கவரிமா, நான்கு. 'பரம்பரைப் பெருமைக்கு' என்று எழுதினால் கவரிமான், ஐந்து. ஏட்டு விடை வேண்டுமென்றால் ஏட்டைக் காட்டு, வழக்கு விடை வேண்டுமென்றால் வழக்கைக் காட்டு. நுணல் போட்டவர் இரண்டையும் காட்டவில்லை. வாசகருக்கு அரை மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கட்சி.

பிப்ரவரி 20, இரவு

யான் பெற்ற இன்பமா, நான் பெற்ற இன்பமா? இரண்டும் இரண்டு கட்டம், முதல் கட்டத்தில் மட்டும் தகராறு. திருமந்திரத்தில் "நான்பெற்ற இன்பம் பெறுகஇவ் வையகம்". ஊர்வாய் 'யான்' என்கிறது. எல்லா இடத்திலும் ஊர் எளிமைப்படுத்தும், இங்கே மட்டும் திருமூலரைவிட ஊர் செந்தமிழ் பேசுகிறது. மேடைப்பேச்சு செய்த வேலை என்று சந்தேகப்படுகிறேன்.

பிப்ரவரி 24

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். எந்தப் பத்து என்று இழையில் கேட்டதற்கு வீரம், கோபம், தூக்கம் என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். ஒருவர் மனைவி என்று எழுதி அழித்ததையும் பார்த்தேன்.

நல்வழி 26: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை. ஒன்பது ஆயிற்றா? பத்தாவது "தேனின் கசிவந்த சொல்லியர்மேல் காமுறுதல்". எங்கள் தமிழாசிரியர் ஒன்பது வரை விரல்விட்டு எண்ணிவிட்டு, பத்தாவதை 'அப்புறம் மற்றொன்று' என்று சொல்லிக் கரும்பலகை அழிக்கத் திரும்புவார். அதனாலேயே வகுப்பு முழுக்க அந்த ஒன்றை மட்டும் வீட்டில் போய்ப் பார்த்தது.

பிப்ரவரி 27

கர்ணனின் செஞ்சோற்றுக்கடனைக் கட்டத்தில் போடலாமா என்று கேட்டவருக்கு. செஞ்சோற்றுக்கடன், ஒன்பது கட்டம், அருமையான விடை. நீளமான சொல் கிடைப்பதே அபூர்வம்.

"எடுக்கவோ கோக்கவோ" என்பதும் அதுவும் வில்லிபாரதத்தில் ஒரே பாட்டில் வருகின்றன. குந்தி வந்து நீ என் மகன் என்று சொல்லி அழைக்கும்போது கர்ணன் சொல்கிற பதில். துரியோதனனின் மனைவியோடு கர்ணன் தனித்து இருந்தபோது அவள் மேகலை அறுந்து மணி சிந்தியது, வந்து பார்த்த துரியோதனன் சந்தேகப்படவில்லை, எடுக்கவா கோக்கவா என்று கேட்டான். அப்படிப்பட்டவனுக்காகப் போர்முனையில் செஞ்சோற்றுக்கடன் கழிப்பதே எனக்குப் புகழும் கருமமும் தருமமும் என்கிறான். வியாசரிடம் இல்லாத காட்சி. இவ்வளவையும் வில்லிபுத்தூரார் ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார். பட்டிமன்றத்தில் இதற்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 1

அடுத்த கட்டம் அச்சுக்குப் போய்விட்டது. கம்பன் பெயர்களாகவே போட்டிருக்கிறேன், குறிப்பிலும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இலக்குவன் ஆறு, லட்சுமணனும் ஆறு, அங்கே கவனம். வீடணன் நான்குதான். விபீஷணன் என்று எழுதிப் பார்த்துவிட்டு ஒரு கட்டம் குறைகிறது என்று எனக்கு எழுதவேண்டாம்.